விரியாத குண்டு

எங்கள் பள்ளத்தாக்கில் காய்ச்சல் வந்தால் யாரும் அவசரப்பட்டு டாக்டரைத் தேடுவதில்லை. ஆனால் அக்டோபர் பிறந்துவிட்டால் எந்தக் குண்டு வாங்குவது என்று கேட்க என் அக்கா வெர்னாவிடம் ஓடி வந்துவிடுவார்கள். அக்கா துப்பாக்கி விற்பவள் இல்லை. கறி வெட்டும் கடை வைத்திருக்கிறாள். மொன்டானாவின் இந்த மூலையில் சுடப்படும் எல்க் மான்களில் பாதி அவள் கடைக் கொக்கியில்தான் வந்து தொங்கும். எந்தக் குண்டு உள்ளே போய் என்ன செய்தது என்பது சுட்டவனைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். சுட்டவன் சொல்வது கதை, நான் பார்ப்பது சதை என்பாள்.

அக்காவுக்கு ஈயக் குண்டு ஆகாது. ஈயம் உள்ளே போனதும் நொறுங்கிச் சிதறும். ஒரு வருஷம், கொத்துக்கறிப் பொட்டலங்கள் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு மாட்டு டாக்டர் ஆஸ்கரிடம் போய் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாள். படத்தில் கடுகு தெளித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள். அத்தனையும் ஈயம். அந்தப் படத்தைக் கல்லாவுக்கு மேலே ஒட்டிவைத்துவிட்டு, அன்றிலிருந்து வருகிறவன் போகிறவனிடமெல்லாம் செம்புக் குண்டு, செம்புக் குண்டு என்று ஓத ஆரம்பித்தாள்.

"எங்கப்பா ஈயத்துலதான் சுட்டாரு, எங்க தாத்தாவும் ஈயத்துலதான் சுட்டாரு. என்ன ஆயிடுச்சு இப்ப?" என்று ஒருவன் கேட்டான்.

"அதான் உங்க வம்சத்துல ஒருத்தனுக்கும் ஞாபகசக்தி இல்ல. போன வருஷம் வெட்டி வெச்ச கறி இன்னும் என் ஃப்ரீசர்லதான் கிடக்கு, எடுத்துட்டுப் போ."

இப்படிப் பேசுகிறவளிடம் யார் வாய் கொடுப்பது? இரண்டு மூன்று வருஷத்தில் பள்ளத்தாக்கே செம்புக்கு மாறியது. அக்கா இன்னொரு சட்டமும் வைத்திருந்தாள். எல்க் என்றால் குதிரை அளவு மிருகம், அதற்குக் கனமான குண்டுதான் வேண்டும், நூற்றெண்பது கிரெய்ன் எடைக்குக் கீழே இறங்கக் கூடாது. அது ஈயக் காலத்துச் சட்டம். எல்லோருக்கும் பிறந்ததிலிருந்தே தெரிந்த சட்டம் என்பதால் அதைப் பற்றி யாரும் இரண்டாம் தடவை யோசிக்கவில்லை.

என் கணவர் ஹார்லன் மட்டும் யோசித்தார். அவர் நெப்ராஸ்காக்காரர். என்னைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து, வேலி போடும் வேலை செய்கிறார். குதிரையிலிருந்து விழுந்து தோள்பட்டை போனதால் பெரிய துப்பாக்கியின் உதை தாங்காது. அவருடையது குட்டைக் குழல் வைத்த சின்னத் துப்பாக்கி. அதில் மருந்து குறைவு, குண்டும் மெதுவாகத்தான் போகும். அக்டோபர் முதல் வாரத்தில் கடைக்கு வந்து, வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே கேட்டார்.

"வெர்னா, என் துப்பாக்கிக்குக் கொஞ்சம் லேசான குண்டா வாங்கினா என்ன? இது நூத்தி எண்பதைத் தள்ளத் திணறும்போல இருக்கு."

"லேசா வேணும்னா முயல் சுடப் போப்பா. எல்க் எதுக்கு உனக்கு?" என்றாள் அக்கா.

கடையே சிரித்தது. பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த நானும் சிரித்தேன். மனுஷன் காது சிவக்க வெளியே போய் நூற்றெண்பதையே வாங்கிவந்தார். அதே வாரம் மேவிஸும் அதையே வாங்கினாள்.

மேவிஸ் யாரென்று சொல்ல வேண்டும். அக்காவின் கணவர் ரஸ்ஸுக்குச் சித்தப்பா மகள், பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. எங்கள் வேட்டை முகாமில் இத்தனை வருஷமாக எங்கள் எல்லோருக்கும் சமைத்துப் போட்டவள். அறுபது வயதில், "போதும்டா உங்களுக்கு வடிச்சுக் கொட்டினது, இந்த வருஷம் எனக்கு ஒரு எல்க்" என்று சொல்லி வேட்டைக்கான அனுமதிச் சீட்டு வாங்கிவிட்டாள். அவளுடையதும் உதைக்காத சின்னத் துப்பாக்கி. ஹார்லன்தான் பழைய துப்பாக்கி ஒன்றைத் தேடிப் பிடித்து, எண்ணெய் போட்டு, அவள் கைக்கு ஏற்ற மாதிரி கட்டையை இழைத்துக் கொடுத்தார். இரண்டு பேரும் சேர்ந்து அட்டையில் சுட்டுப் பழகினார்கள். ஓட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. அட்டையில் நன்றாக விழுந்தால் குண்டு நல்ல குண்டு என்று நம்புவதுதான் எங்கள் ஊர் வழக்கம். அட்டைக்கு எலும்பு கிடையாது, நுரையீரல் கிடையாது என்பது யாருக்கும் உறைப்பதில்லை.

எங்கள் முகாமில் அரசாங்கச் சட்டத்தைவிடக் கறாரான ஒன்று உண்டு. ஒருவர் மிருகத்தைக் காயப்படுத்திவிட்டுத் தொலைத்துவிட்டால், அதோடு அவருக்கு அந்த வருஷ வேட்டை முடிந்தது. தன் சீட்டைத் தானே கிழித்துப்போட வேண்டும். துப்பாக்கியில் குண்டைக் குழலுக்குள் தள்ளும் போல்ட்டைக் கழற்றிச் சமையல் கூடாரத்துச் சர்க்கரை டப்பாவில் போட வேண்டும். துப்பாக்கியை நடுக் கம்பத்து ஆணியில் மாட்டிவிட்டு, மிச்ச நாளெல்லாம் பாத்திரம் கழுவ வேண்டும். கடைசி ஞாயிறு விருந்தில் ரஸ் அதை இறக்கிக் கையில் கொடுத்தால் அடுத்த வருஷமும் முகாமில் இடம் உண்டு. இறக்காவிட்டால் வீட்டில் இருந்துகொள்ள வேண்டியதுதான். அப்படி ஆணியிலேயே விடப்பட்டவர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும். ஒருவர் ஊரையே விட்டுப் போய்விட்டார்.

சீசன் தொடங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை ஹார்லன் ஆல்டர் ஓடைக்கு மேலே ஒரு பெரிய ஆண் எல்க்கைச் சுட்டார்.

நல்ல தூரம். எல்க் பக்கவாட்டில் நின்றது, முன்னங்காலுக்குப் பின்னால் வைத்தேன், குண்டு விழுந்த சத்தம்கூடக் கேட்டது என்றார். எல்க் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நடந்து மரங்களுக்குள் போய்விட்டது. ரத்தம் சொட்டு சொட்டாகக் கொஞ்ச தூரம், பிறகு அதுவும் இல்லை. இரண்டு நாள் முகாமே தேடியது. பனியில் முட்டி போட்டு, இலை இலையாகப் புரட்டிப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை.

"வயித்துல சுட்டிருக்கே," என்றாள் வெர்னா அக்கா.

"இல்ல வெர்னா. முன்னங்காலுக்குப் பின்னாலதான் வெச்சேன்."

"அங்க வெச்சிருந்தா அந்த மரத்துக்கிட்டயே விழுந்திருக்கும். செம்புக் குண்டு பொய் சொல்லாது. சுடறவன்தான் சொல்வான்."

ஹார்லன் சீட்டை எல்லோர் முன்பும் கிழித்து அடுப்பில் போட்டார். போல்ட் டப்பாவுக்குப் போனது, துப்பாக்கி ஆணிக்குப் போனது. ஒரு மிருகம் எங்கோ ஒரு புதருக்குள் மெதுவாகச் செத்துக்கொண்டிருக்கிறது, அதற்கு நாம்தான் காரணம் என்ற நினைப்பு அவரைத் தின்றது. சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்துவிடுவார். எப்போதும் வேலை செய்யும்போது விசிலடிக்கிற மனுஷன், அதை விட்டுவிட்டார்.

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி வெட்கம். என் குடும்பத்து முகாமில், என் அப்பா நட்ட கம்பத்தில், நான் கூட்டிவந்த ஆளின் துப்பாக்கி தொங்குகிறது. கடையில் யாராவது விசாரித்தால், "அவருக்குக் கண்ணாடி மாத்தணும்" என்று நானே முந்திக்கொண்டு சொல்லிச் சிரிப்பேன். அவர்கள் சிரிப்பதற்கு முன்னால் நான் சிரித்துவிட்டால் வலிக்காது என்று நினைப்பு. பின்னால் கத்தி தீட்டிக்கொண்டிருந்த அவர் காதிலும் அது விழுந்திருக்கும். வேட்டைக்குப் போக முடியாததால், முகாமில் பாத்திரம் கழுவிய நேரம் போக, மாலை நேரங்களில் கடையில் வந்து தோல் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

தேங்க்ஸ்கிவிங் என்னும் நன்றி நாள் விருந்துக்கு முந்தின தினம், புதன்கிழமை, மாட்டு டாக்டர் ஆஸ்கர் தன் எல்க்கைக் கொண்டுவந்தார். ரம்பத்துக்கு பிளேடு வாங்க அக்கா பில்லிங்ஸ் நகரத்துக்குப் போயிருந்தாள். கடையில் நானும் ஹார்லனும்தான்.

"நோரீன், இதோட வலது பக்கம் பழைய காயம் ஒண்ணு இருக்கு, பாத்து வெட்டச் சொல்லு," என்றார் ஆஸ்கர். "எவனோ கையாலாகாதவன் சுட்டுட்டு விட்டுட்டுப் போயிருக்கான். எலும்பும் தோலுமா நிக்குது பாவம். நான் சுட்டது நல்லதாப் போச்சு."

"எங்க கிடைச்சுது?"

"ஆல்டர் ஓடைக்கு மேல."

என் முகத்தில் ஈயாடவில்லை. அவருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, எல்க்கைப் பின்கட்டுக்குத் தள்ளிவிட்டேன். ஹார்லனிடம் ஒன்றும் சொல்லவில்லை. கொம்பைப் பார்த்தாலே அவருக்குத் தெரிந்துவிடும்.

நான் முன்பக்கம் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். பின்கட்டில் கத்தி சத்தம் கேட்டது. பிறகு நின்றது. ரொம்ப நேரம் ஒரு சத்தமும் இல்லை. எழுந்து போய்ப் பார்க்கலாமா என்று யோசித்தபோது, குழாயில் எதையோ கழுவுகிற சத்தம் வந்தது. அதற்குப் பிறகு விசில்.

முதலில் ஒரே ஒரு இழுப்பு, பிறகு பாட்டு முழுசாக வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஜீவன் இனிமேல் நொண்டிக்கொண்டு திரிய வேண்டாம், அது முடிந்துவிட்டது என்ற நிம்மதியில் அடிக்கிறார் என்று நினைத்தேன். எவ்வளவு நல்ல மனசு இவருக்கு என்றுகூட நினைத்தேன்.

"பழைய காயம் இருந்துச்சா?" என்று கேட்டேன், அவர் கை துடைத்துக்கொண்டு வந்தபோது.

"இருந்துச்சு. அழுகினதை வெட்டிப் போட்டுட்டேன்," என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் அக்கா வீட்டில் விருந்து. வான்கோழி, உருளைக்கிழங்கு மசியல், காட்டு பெர்ரி பை. மேவிஸ் ஹார்லனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பாடு முழுக்கத் தன் சனிக்கிழமை வேட்டையைப் பற்றியே பேசினாள். எந்த மேட்டில் உட்காரப்போகிறாள், எந்தப் பக்கம் காற்று, கையில் எத்தனை சாண்ட்விச். கல்யாணப் பெண் மாதிரி முகம்.

ஹார்லன் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"மேவிஸ், நல்லா கிட்டப் போயிச் சுடு. தூரத்துல இருந்து வேண்டாம்."

"ஏன்? உன்னை மாதிரி விட்டுடுவாங்கறியா?" என்றாள் அக்கா மேஜையின் அந்தக் கோடியிலிருந்து.

எல்லோரும் சிரித்தார்கள். ரஸ்கூட. மேவிஸ் மட்டும் ஹார்லனின் கையைத் தட்டிக் கொடுத்து, "அவ கிடக்கா, விடு" என்றாள். ஹார்லன் சட்டைப் பைமேல் ஒரு நிமிஷம் கையை வைத்திருந்துவிட்டு எடுத்தார். மறுபடி முள்கரண்டியை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

சனிக்கிழமை காலை மேவிஸ் ஒரு பெண் எல்க்கைச் சுட்டாள். கிட்டப் போக வழியில்லை. நடுவில் பள்ளம், இந்த மேட்டிலிருந்து அந்த மேட்டுக்குத்தான் சுட முடிந்தது. துப்பாக்கியைப் பாறைமேல் அழகாகத் தாங்கி வைத்து, மூச்சை அடக்கிச் சுட்டாள். கூட இருந்த ரஸ், அடி நன்றாக விழுந்த மாதிரிதான் இருந்தது என்றார். எல்க் துள்ளியது, நின்றது, பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி மேட்டைத் தாண்டிப் போய்விட்டது.

நாங்கள் எல்லோரும் போய்த் தேடினோம். மதியத்துக்கு மேல் பனி கொட்ட ஆரம்பித்து இருந்த நாலு சொட்டு ரத்தத்தையும் மூடிவிட்டது. எல்லோரும் திரும்பிய பிறகும் ஹார்லன் வரவில்லை. கை கால்களை ஊன்றித் தவழ்ந்து தேடிக்கொண்டிருந்தார். முழங்கால் இரண்டும் நனைந்து, உதடு நீலம் பாரித்து இருந்தவரை ரஸ் போய் இழுத்துக்கொண்டு வந்தார். தனக்கு நடந்தது அவளுக்கும் நடந்துவிட்டதே என்று தவிக்கிறார், எவ்வளவு இளகின மனசு என்று அப்போதும் நினைத்தேன். என் புத்தியை என்ன சொல்ல.

"நான் சரியாத்தான் வெச்சேன்," என்றாள் மேவிஸ், ஒரே ஒரு தடவை.

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க, மேவிஸ்," என்றாள் அக்கா. அன்றைக்குக் குரலில் கேலி இல்லை. அதனால்தான் இன்னும் மோசமாக இருந்தது.

மேவிஸ் சீட்டைக் கிழித்தாள். ஹார்லன் இழைத்துக் கொடுத்த அந்தத் துப்பாக்கி, அவருடைய துப்பாக்கிக்குப் பக்கத்து ஆணியில் தொங்கியது. அவள் கணவன் தவறிப்போனபோதும் நிமிர்ந்து நின்று வருகிறவர்களுக்கெல்லாம் காபி ஊற்றிக் கொடுத்தவள். அன்றைக்கு மாவு மூட்டைக்குப் பின்னால் திரும்பி உட்கார்ந்துகொண்டு, தோள் குலுங்க அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கடைசி விருந்து. கூடாரத்துக்குள் அடுப்பு கணகணவென்று எரிந்தது. எல்க் குழம்பு, பிஸ்கட், மூன்று விதமான பை. மேவிஸ் சாப்பிடவில்லை. கையை மடித்துவிட்டுக்கொண்டு, எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும் முன்பே பாத்திரத் தொட்டிப் பக்கம் போய் நின்றுவிட்டாள். ரஸ் காபி குடித்துவிட்டு ஆணிகளைப் பார்த்தார். இரண்டு துப்பாக்கி ஒரே வருஷத்தில் எங்கள் கம்பத்தில் தொங்கியதே இல்லை.

அப்போதுதான் ஹார்லன் எழுந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து அக்காவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். எங்கள் கடையின் வெள்ளைக் காகிதம். நாங்கள் கறி கட்டுகிற மாதிரியே நாலு பக்கமும் மடித்து, டேப் ஒட்டி, மேலே "வெர்னா" என்று எழுதியிருந்தது.

"உங்களுக்குத்தான், வெர்னா. பிரிச்சுப் பாருங்க."

அக்கா சிரித்துக்கொண்டே பிரித்தாள். உள்ளே ஒரு செம்புக் குண்டு. குழலின் வரிகள் மட்டும் உடம்பில் கீறலாக ஓடின. மற்றபடி பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி இருந்தது. மிருகத்துக்குள் போன செம்புக் குண்டின் மூக்கு நாலு இதழாக விரிந்திருக்க வேண்டும். அந்த விரிப்புதான் கொல்லும். இதன் மூக்கு மூடியபடியே இருந்தது.

"ஆஸ்கர் கொண்டுவந்த எல்க்ல இருந்துச்சு," என்றார் ஹார்லன். குரல் தெளிவாக, கொஞ்சம் தயாராகவே வந்தது. "முன்னங்காலுக்குப் பின்னால உள்ள போயிருக்கு. நுரையீரல்ல பென்சில் குத்தின மாதிரி ஒரு ஓட்டை, அந்தப் பக்கத் தோலுக்கு அடியில வந்து நின்னிருக்கு. நான் வெச்சேன்னு சொன்ன அதே இடம்."

ரஸ் குண்டை வாங்கி விரலில் உருட்டிப் பார்த்தார்.

"வேகம் பத்தலை," என்றார். "ஈயம் மெத்துனு இருக்கும், மெதுவாப் போனாலும் நசுங்கிடும். செம்பு அப்படி இல்ல, வேகமா அடிச்சாத்தான் விரியும். சின்னத் துப்பாக்கில இவ்வளவு கனத்தைப் போட்டு, அவ்வளவு தூரத்துக்கு அனுப்பினா எங்க விரியும்? ஊசி மாதிரி குத்திட்டுப் போயிடும். நம்ம பெரிய துப்பாக்கிங்கள்ல இது தெரியவே இல்ல."

அக்காவின் முகம் ஒரு நிறமாக இல்லை. அவள் ஒன்றும் தெரியாதவள் இல்லை, ரஸ் பாதி சொல்லும்போதே அவளுக்கு முழுசும் புரிந்துவிட்டது.

"லேசா வேணும்னு கேட்டே நீ," என்றாள். "கடையில எல்லாரும் இருக்கறப்ப கேட்டே. முயல் சுடப் போன்னு சொன்னேன். ஈயத்துக்கு இருந்த கணக்கை அப்படியே செம்புக்கும் போட்டுட்டேன் ஹார்லன். யோசிக்கவே இல்ல. நான்தான் உன் எல்க்கைத் தொலைச்சேன். மேவிஸோடதையும் நான்தான்."

எழுந்து போய்ச் சர்க்கரை டப்பாவைத் திறந்து, ஹார்லனின் போல்ட்டை எடுத்து, ஒட்டியிருந்த சர்க்கரையை ஏப்ரனில் துடைத்தாள். ரஸ் துப்பாக்கியை இறக்கினார். அக்கா போல்ட்டைப் பொருத்தித் துப்பாக்கியைத் தன் கையாலேயே ஹார்லனிடம் கொடுத்தாள்.

"மன்னிச்சுக்கோப்பா. நீ இல்லாம அடுத்த வருஷம் இந்தக் கூடாரம் எழும்பாது."

வெர்னா அக்கா யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. எல்லோரும் எழுந்து ஹார்லனின் முதுகில் தட்டினார்கள். அவர் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை அவர் முகத்தில் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. எனக்கு நெஞ்சு நிறைந்தது. கடையில் கண்ணாடி, கண்ணாடி என்று கேலி பேசினேனே, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது.

மேவிஸ் தொட்டியிலிருந்து ஈரக் கையோடு வந்தாள். மேஜைமேல் இருந்த குண்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஹார்லனின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"நேத்திலேருந்து என் கண்ணையே நான் நம்பலை ஹார்லன். வயசான காலத்துல உனக்கு எதுக்குடி இதுன்னு என்னையே திட்டிக்கிட்டேன். இதைக் கொண்டுவந்து வெச்சியே. உனக்கு ரொம்பப் புண்ணியம்."

ஹார்லனின் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. கையை உருவிக்கொள்ளப் பார்த்தார். அவள் விடவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆஸ்கரின் எல்க். குழாயில் எதையோ கழுவுகிற சத்தம். அதற்குப் பிறகு வந்த விசில். அந்தக் கறியை முழுக்க நான்தான் பொட்டலம் கட்டினேன். கூடாரத்தில் வேறு யாருக்கும் அந்த நாள் தெரியாது, அக்காகூட அன்றைக்கு ஊரில் இல்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் அது அப்படியே போய்விடும். என் கணவர் தலை நிமிர்ந்து வீட்டுக்கு வருவார். ஒரு நிமிஷம் அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். மேவிஸ் இன்னும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

"அது ஆஸ்கரோட எல்க்னா," என்றேன், "நீங்க அதை உரிச்சது புதன்கிழமை."

"நோரீன்..." என்றார்.

"புதன்கிழமையே உங்களுக்குத் தெரியும்."

மேவிஸ் முதலில் என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"புதனா?" என்றாள். "வியாழக்கிழமை என் பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தே. கிட்டப் போயிச் சுடுன்னு சொன்னியே... அப்ப இது எங்க இருந்துச்சு?"

ஹார்லன் சட்டைப் பையைப் பார்த்தார்.

"சொல்லலாம்னுதான் இருந்தேன்," என்றார். "வெர்னா அப்படிச் சொன்னதும் எல்லாரும் சிரிச்சீங்க. சரி, இன்னைக்கு முகாம் முழுக்க இருக்கும், இன்னைக்கு வெச்சா எல்லாரும் பாப்பாங்கன்னு..." மேஜைமேல் கிடந்த காகிதத்தைப் பார்த்தார். நாலு பக்கமும் அவ்வளவு அழகாக மடித்த காகிதம்.

மேவிஸ் அவர் கையை விட்டாள். கோபமாக உதறவில்லை. சூடான பாத்திரத்தை இறக்கி வைப்பது மாதிரி மெதுவாக விட்டாள்.

அக்கா நினைத்திருந்தால் அந்த நிமிஷம் தன் பாரத்தையெல்லாம் அவர் தலையில் இறக்கிவிட்டிருக்கலாம். அப்படிச் செய்யாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஹார்லன் துப்பாக்கியிலிருந்து போல்ட்டை உருவினார். சர்க்கரை டப்பாவுக்குள் போட்டு மூடினார். மேவிஸின் துப்பாக்கியைக் கம்பத்திலிருந்து இறக்கி, அவள் உட்காரும் நாற்காலியில் சாய்த்து வைத்தார். காலியான அவள் ஆணியில் தன்னுடையதை மாட்டினார். ரஸ் தடுக்கவில்லை. பிறகு கையை மடித்துவிட்டுக்கொண்டு தொட்டிக்குப் போய், மேவிஸ் பாதியில் விட்ட தட்டுகளைக் கழுவ ஆரம்பித்தார்.

துப்பாக்கியை ஆணியிலேயே விட்டுவிட்டு, பிக்கப் வண்டியில் வீட்டுக்குத் திரும்பினோம். என்னிடம் கோபமா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். அது உண்மைதான் என்று எனக்குத் தெரியும். அவரை எல்லோர் முன்பும் காட்டிக் கொடுத்தோமே என்றுகூட எனக்குப் பெரிதாகக் கூச்சம் இல்லை. அந்தப் புதன்கிழமை பொட்டலம் கட்டிக்கொண்டே அவர் விசிலைக் கேட்டு, நான் வாய்க்குள் கூடவே பாடினேன். அதை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது.